முகம் தெரியாத வேட்பாளரை ஆவணங்களில் தேடுவது எப்படி? அமெரிக்க காங்கிரஸ் தேர்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, முதல் முறையாக உட்கட்சித் தேர்தலில் (கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் பிரைமரியில்) வாக்களிக்கப் போகும் தமிழர்கள் பலருக்கு இந்தச் சங்கடம் வரும். அதிபர் யாரென்று தெரியும், ஆளுநர் யாரென்று தெரியும். காங்கிரஸுக்கு, அதாவது பிரதிநிதிகள் சபைக்கோ செனட்டுக்கோ நிற்கிற ஐந்தாறு பேரில் நாலு பேரைக் கேள்விப்பட்டதே இருக்காது. உள்ளூர்ப் பத்திரிகை மூடப்பட்டுவிட்ட ஊர் என்றால் அவர்களைப் பற்றி எழுதவும் ஆள் இல்லை. தபாலில் வரும் வழவழப்பான விளம்பரத் தாள்தான் மிச்சம். அதை ஓரமாக வைத்துவிட்டு, அரசு அலுவலகங்களில் யாரும் பார்க்கலாம் என்று வைத்திருக்கும் ஆவணங்களைக் கொண்டே எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்ப்போம்.

இந்தியாவில் வேட்பாளர் தரும் பிரமாணப் பத்திரம் மாதிரி அங்கே ஒன்றும் கிடையாதா?

கிடையாது. இந்திய உச்ச நீதிமன்றம் 2002லும் 2003லும் தந்த தீர்ப்புகளுக்குப் பிறகு, இங்கே வேட்புமனுவோடு குற்ற வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் படிவம் 26ல் எழுதிக் கொடுத்தாக வேண்டும். உண்மையோ பொய்யோ, ஒரே இடத்தில் கிடைத்துவிடும்.

அமெரிக்காவில் பிரதிநிதிகள் சபைக்கு நிற்பவரிடம் அரசியலமைப்பு கேட்பது மூன்றே விஷயம்: 25 வயது, ஏழு ஆண்டுக் குடியுரிமை, தேர்ந்தெடுக்கப்படும்போது அந்த மாநிலத்தில் வசிப்பு. செனட்டுக்கு 30 வயதும் ஒன்பது ஆண்டும். இதற்கு மேல் மாநிலங்கள் தகுதி எதையும் சேர்க்க முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1995ல் சொல்லிவிட்டது. தண்டனை பெற்றவரும் நிற்கலாம். உங்கள் மேல் வழக்கு இருக்கிறதா என்று தேர்தல் ஆணையப் படிவமும் கேட்காது, சொத்து விவரப் படிவமும் கேட்காது.

2010ல் தென் கரோலினாவில் ஆல்வின் கிரீன் என்ற வேலையில்லாத முன்னாள் ராணுவ வீரர் 10,440 டாலர் மனுக் கட்டணம் கட்டி, செனட்டுக்கான ஜனநாயகக் கட்சி உட்கட்சித் தேர்தலில் நின்றார். பிரசாரம் என்று சொல்லும்படி எதுவும் செய்யவில்லை. சுமார் 59 சதவீத வாக்கு வாங்கி ஜெயித்தார். அவர் மேல் ஒரு குற்ற வழக்கு நிலுவையில் இருந்ததை அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளியிட்டது, வாக்குப்பதிவுக்கு மறுநாள்! வழக்கு நீதிமன்றப் பதிவேட்டில் முந்தைய ஆண்டிலிருந்தே இருந்தது.

சரி, எங்கே ஆரம்பிப்பது?

பெடரல் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில். அங்குள்ளவர்கள் எஃப்.இ.சி. என்பார்கள். வேட்பாளர் ஒருவர் 5,000 டாலருக்கு மேல் திரட்டினாலோ செலவழித்தாலோ, 15 நாளுக்குள் படிவம் 2ஐத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கடுத்துப் பிரசாரக் குழுவுக்கான படிவம் 1. வேட்பாளருக்கும் குழுவுக்கும் தனித்தனி அடையாள எண் உண்டு. பிரதிநிதிகள் சபை என்றால் எச், செனட் என்றால் எஸ், குழு என்றால் சி என்று அந்த எண் தொடங்கும்.

முதல் வேலையாக இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் முன்பு வேறு பதவிக்கு நின்றிருந்தால் பழைய எண்ணும் கிடைக்கும், அதையும் விடாதீர்கள். படிவம் 1ல் பொருளாளர் பெயர் இருக்கும். அது வேட்பாளரின் பெயராகவே இருந்தால் பெரும்பாலும் தனியாள் முயற்சி. பல குழுக்களுக்குக் கணக்கு எழுதும் தொழில்முறைப் பொருளாளர் என்றால், பின்னால் யாரோ செலவு செய்யத் தயாராக இருக்கிறார்கள்.

எஃப்.இ.சி.யில் பெயர் இருந்தால் வாக்குச்சீட்டிலும் இருக்கும் என்று அர்த்தமா?

இல்லை. எஃப்.இ.சி. பார்ப்பது பணத்தை மட்டும். 2016 அதிபர் தேர்தலுக்கு கென்டக்கி மாநிலத்துப் பூனை ஒன்றின் பெயரில்கூடப் படிவம் தாக்கலானது. வாக்குச்சீட்டில் இடம் தருவது மாநிலம். கட்டணம் கட்ட வேண்டுமா, எத்தனை கையெழுத்து வாங்க வேண்டும், கடைசித் தேதி என்ன என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மாநிலச் செயலர் அலுவலகத்திலோ தேர்தல் வாரியத்திலோ அதிகாரப்பூர்வப் பட்டியல் கிடைக்கும்.

நிதி அறிக்கையைத் திறந்தால் தலை சுற்றுகிறது. எதைப் பார்ப்பது?

முதல் பக்கத்து மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். விஷயம் இணைப்புப் பட்டியல்களில் இருக்கிறது. ஏ பட்டியலில் வரவு, பி பட்டியலில் செலவு, சி பட்டியலில் கடன், டி பட்டியலில் கொடுக்க வேண்டிய பாக்கி.

ஏ பட்டியலில், ஒரு தேர்தல் சுற்றில் மொத்தம் 200 டாலருக்கு மேல் தந்தவர்களின் பெயர், ஊர், வேலை, முதலாளி எல்லாம் இருக்கும். அதற்குக் கீழே தந்தவர்கள் ஒரே கூட்டுத்தொகைக்குள் போய்விடுவார்கள். ஊரைப் பாருங்கள். தொகுதிக்காரர்கள் எத்தனை பேர்? ஒரே நிறுவனத்து ஊழியர்கள் ஒரே வாரத்தில் தந்திருக்கிறார்களா? குடும்பப் பெயர் ஒன்றே திரும்பத் திரும்ப வருகிறதா? இதிலெல்லாம் தப்பு இருந்தாக வேண்டும் என்பதில்லை. சொந்தக்காரர்களிடம் கேட்காமல் யார் தேர்தலில் நிற்கிறார்கள்? ஆனால் 'மக்கள் தந்த சிறு நன்கொடைகளால் நடக்கும் பிரசாரம்' என்று மேடையில் சொல்பவரின் ஏ பட்டியல் வேறு கதை சொன்னால், அங்கேதான் நிறுத்திப் படிக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது சி பட்டியல். அதிகம் அறியப்படாத வேட்பாளர்கள் தங்கள் பிரசாரத்துக்குத் தாங்களே கடன் கொடுப்பது சகஜம், சட்டப்படி அதற்கு உச்சவரம்பும் இல்லை. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நேராக அடுத்த அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வோம்.

பி பட்டியலில் செலவு யாருக்குப் போகிறது என்று பாருங்கள். வேட்பாளரின் சொந்தக் கம்பெனிக்கு வாடகை, மனைவிக்கோ கணவருக்கோ ஆலோசனைக் கட்டணம், ஒரே உணவகத்தில் ஓயாத பில். 200 டாலருக்கு மேற்பட்ட செலவுக்கு ரசீது வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நியூயார்க்கில் பிரதிநிதிகள் சபைக்கு நின்று ஜெயித்து, பின்னால் வெளியேற்றப்பட்ட ஜார்ஜ் சாண்டோஸ் 2022ல் தாக்கல் செய்த அறிக்கைகளில் 199.99 டாலர் செலவுகள் டஜன் கணக்கில் இருந்தன. அதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. செலவுப் பட்டியலை இறக்கி, தொகை வாரியாக வரிசைப்படுத்தினால் போதும்.

சொத்து விவரம் எங்கே கிடைக்கும்?

பிரதிநிதிகள் சபை வேட்பாளர் என்றால் அந்தச் சபையின் கிளார்க் அலுவலகத்தில், செனட் என்றால் செனட் செயலரிடம். 1978ல் வந்த அரசு நெறிமுறைச் சட்டத்தின்படி, 5,000 டாலரைத் தாண்டிய வேட்பாளர் இதைக் கொடுக்க வேண்டும். வேட்பாளரான 30 நாளுக்குள், அல்லது அந்த ஆண்டின் மே 15க்குள், எது பிந்தியதோ அது. எப்படியும் தேர்தலுக்கு 30 நாள் முன்பே வந்துவிட வேண்டும். இரண்டு தளங்களிலும் இலவசமாகப் பார்க்கலாம்.

சரியான தொகையை எதிர்பார்க்காதீர்கள். 1,001 முதல் 15,000 வரை, 15,001 முதல் 50,000 வரை என்று வரம்பு வரம்பாகத்தான் இருக்கும். குடியிருக்கும் வீடு, வாடகை வருமானம் தராதவரை, கணக்கில் வராது. ஆனால் ஒரே இடத்திலிருந்து 5,000 டாலருக்கு மேல் சம்பளமோ கட்டணமோ வாங்கியிருந்தால் அந்த இடத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். ஆலோசகர், தொழில்முனைவோர் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவரைப் புரிந்துகொள்ள இந்தப் பகுதியை விட நல்லது கிடையாது. வாடிக்கையாளர் பெயர் ஒன்றுகூட இல்லாமல் லட்சக்கணக்கில் வருமானம் காட்டியிருந்தால் அது ஒரு கேள்வி.

அறிக்கையே காணோம் என்றால் அதுவும் ஒரு தகவல்தான். எஃப்.இ.சி. கணக்கில் 5,000 டாலரைத் தாண்டிய தேதியையும், கிளார்க் அலுவலகத்தில் அறிக்கை பதிவான தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 30 நாளுக்கு மேல் தாமதித்தால் அபராதம் 200 டாலர். அந்தத் தொகைக்கு யாரும் பயந்ததாகத் தெரியவில்லை.

சாண்டோஸ் விவகாரத்தை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்களே, அங்கே ஆவணங்கள் என்ன சொல்லின?

கிட்டத்தட்ட எல்லாமே சொல்லின. 2020ல் முதல் முறை நின்றபோது அவர் தந்த விவரத்தில் சொத்து என்று எதுவுமில்லை, 55,000 டாலர் வருமானம் மட்டும். 2022ல் தந்ததில் டிவோல்டர் ஆர்கனைசேஷன் என்ற சொந்தக் கம்பெனியிலிருந்து 7,50,000 டாலர் சம்பளம், அதற்கு மேல் பத்து லட்சத்திலிருந்து ஐம்பது லட்சம் டாலர் வரை ஈவுத்தொகை. வாடிக்கையாளர் பெயர் ஒன்றும் இல்லை. பிரசாரத்துக்குத் தானே 7,00,000 டாலருக்கு மேல் கடன் கொடுத்திருந்தார்.

இந்தக் கம்பெனி ஃபுளோரிடாவில் 2021 மே மாதம் பதிவானது. ஆண்டறிக்கை தாக்கல் செய்யாததால் 2022 செப்டம்பரில் பதிவு கலைக்கப்பட்டதாக ஃபுளோரிடா நிறுவனப் பதிவேடு காட்டியது. அதாவது தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு! அதற்கு முன் அவர் வேலை பார்த்த ஹார்பர் சிட்டி கேபிட்டல் நிறுவனம் பான்சி மோசடி (புதிதாகச் சேர்பவர்களின் பணத்தையே பழையவர்களுக்கு லாபமென்று தருவது) செய்ததாகப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2021ல் வழக்குப் போட்டிருந்தது. அதில் அவர் பெயர் பிரதிவாதியாக இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர்கள் போட்ட வழக்குகள் இருந்தன. நடத்துவதாகச் சொன்ன பிராணிகள் நல அறக்கட்டளைக்கு வருமான வரித் துறையில் பதிவே இல்லை. படித்ததாகச் சொன்ன பரூக் கல்லூரியிலும் அப்படி ஒரு பட்டதாரி இல்லை.

லாங் ஐலண்டின் சின்ன வாரப் பத்திரிகையான நார்த் ஷோர் லீடர் 2022 செப்டம்பரிலேயே சொத்துக் கணக்கு இடிக்கிறது என்று எழுதியது. கேட்பாரில்லை. நவம்பரில் ஜெயித்தார். டிசம்பர் 19 அன்று நியூயார்க் டைம்ஸ் முழுக்கதையையும் போட்டது. 2023 டிசம்பர் 1ல் 311க்கு 114 வாக்குகளில் சபை அவரை வெளியேற்றியது.

எதிர்க்கட்சியும் அவரைப் பற்றி ஆய்வு செய்து வைத்திருந்தது, சில விஷயங்கள் அதில் இருந்தன. என் பார்வையில் கோளாறு வேறு இடத்தில். ஒவ்வொரு அலுவலகமும் தன் தாளை மட்டும் வாங்கி வைத்துக்கொள்கிறது. கிளார்க் அலுவலகம் ஃபுளோரிடா பதிவேட்டைத் திறந்து பார்ப்பதில்லை, எஃப்.இ.சி. கல்லூரிக்கு போன் போடுவதில்லை. இடம் வாங்குமுன் நாம் பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்ப்போமே, அந்த வேலையை அங்கே செய்ய யாருக்கும் சம்பளம் கிடையாது. ஒத்துப் பார்க்கிறவர் வாக்காளராகவோ நிருபராகவோதான் இருக்க வேண்டும்.

நீதிமன்ற வழக்குகளைத் தேட வழி என்ன?

இரண்டு உலகம். பெடரல் நீதிமன்றங்களுக்குப் பேசர் என்ற பொதுத் தளம் உண்டு. திவால் மனுக்களும் அங்கேதான். பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் நின்றால் கட்டணமே கிடையாது, ஆகவே நிதானமாகத் தேடினால் இலவசம். மற்றவர்கள் ஏற்கெனவே வாங்கிய ஆவணங்கள் கோர்ட்லிஸனர் தளத்தில் சும்மாவே கிடைக்கும். முதலில் அங்கே பார்த்துவிடுங்கள்.

விவாகரத்து, வாடகை, கடன் பாக்கி, அடிதடி எல்லாம் மாநில நீதிமன்றம், கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நீதிமன்றம். இங்கே ஒழுங்கு ஒன்றும் இல்லை. விஸ்கான்சினிலும் மேரிலாந்திலும் வீட்டிலிருந்தே பெயரைப் போட்டுத் தேடலாம். வேறு சில இடங்களில் கிளார்க் கவுண்டருக்கு நேரில் போக வேண்டும். வேட்பாளர் முன்பு குடியிருந்த கவுண்டிகளையும் தேடவில்லை என்றால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது.

பெயர்க் குழப்பம் இங்கேதான் ஆளைக் கவிழ்க்கும். ஒரே பெயரில் அப்பாவும் மகனும் இருப்பார்கள், சம்பந்தமே இல்லாத இன்னொருவரும் இருப்பார். நடுப்பெயர், பிறந்த ஆண்டு, அந்தக் காலத்து முகவரி ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் 'இவர்தான் அவர்' என்று எழுதாதீர்கள். அப்புறம், வழக்கு வேறு, தீர்ப்பு வேறு. தள்ளுபடியான வழக்கைச் சொல்லிவிட்டுத் தள்ளுபடியானதைச் சொல்லாமல் விடுவது அயோக்கியத்தனம்.

ராணுவத்தில் இருந்தேன் என்கிறார். சரிபார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எழுதினால் பணிக்காலம், பதவி, பணியிடம், விருதுகள் போன்ற சில விவரங்களைத் தகவல் சுதந்திரச் சட்டப்படி தருவார்கள். மருத்துவ விவரம் கிடைக்காது, கேட்கவும் கூடாது. 1973ல் அங்கே நடந்த தீ விபத்தில் பழைய கோப்புகள் கோடிக்கும் மேல் எரிந்துபோயின. வயதான வேட்பாளருக்குப் பதிவு இல்லையென்றால் இதையும் நினைவில் வையுங்கள்.

2022ல் ஒஹாயோவில் நின்ற ஜே.ஆர். மஜெவ்ஸ்கி ஆப்கானிஸ்தானில் பணியாற்றியதாகச் சொல்லிவந்தார். அவருடைய ஆவணங்களில் கத்தாரில் ஆறு மாதம் விமானங்களில் சரக்கு ஏற்றி இறக்கிய பணிதான் இருக்கிறது என்று அசோசியேட்டட் பிரஸ் எழுதியது. அவர் மறுத்தார், தேர்தலில் தோற்றார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2018ல் வர்ஜீனியாவில் நின்ற அபிகெய்ல் ஸ்பான்பெர்கரின் பாதுகாப்பு அனுமதி விண்ணப்பம் உள்ளிட்ட பணியாளர் கோப்பு முழுவதையும் தபால் துறை தவறுதலாக எதிர்த்தரப்புக்குக் கொடுத்துவிட்டது. அலுவலகம் தவறிக் கொடுத்துவிட்டது என்பதற்காக அப்படிப்பட்ட கோப்பைப் பரப்பலாம் என்றாகிவிடாது.

படிப்பு, வேலை?

பட்டத்தைச் சரிபார்க்க நேஷனல் ஸ்டூடண்ட் கிளியரிங்ஹவுஸ் என்ற அமைப்பு உண்டு, சிறு கட்டணம். பல கல்லூரிகளின் பதிவாளர் அலுவலகமே 'ஆம், இந்த ஆண்டு பட்டம் பெற்றார்' என்று சொல்லிவிடும். மதிப்பெண் கிடைக்காது. உரிமம் தேவைப்படும் தொழில்கள் இன்னும் சுலபம். வழக்கறிஞர், மருத்துவர், செவிலியர், வீட்டுமனைத் தரகர் எல்லாருக்கும் மாநிலப் பதிவு இருக்கும், ஒழுங்கு நடவடிக்கை இருந்தால் பெரும்பாலும் அதுவும் தெரியும். பங்குத் தரகர் என்றால் புரோக்கர்செக் தளம்.

கம்பெனி, அறக்கட்டளை நடத்துவதாகச் சொன்னால்?

கம்பெனி என்றால் மாநிலச் செயலரின் நிறுவனப் பதிவேடு. ஃபுளோரிடாவில் நிர்வாகிகள் பெயர்கூட இலவசம். டெலவேரில் கம்பெனி பெயரும் முகவர் பெயரும் தவிர உருப்படியாக ஒன்றும் வராது. அறக்கட்டளை என்றால் வருமான வரித் துறையின் படிவம் 990ஐப் பாருங்கள். வரவு, செலவு, நிர்வாகிகளின் சம்பளம் எல்லாம் இருக்கும். புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் தளத்தில் ஆண்டு வாரியாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஏழைகளுக்கு உதவுகிறோம் என்கிற அமைப்பின் செலவில் பெரும்பங்கு நிறுவனரின் சம்பளமா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தொகுதியில் குடியிருக்கிறாரா, ஒழுங்காக வாக்களித்திருக்கிறாரா?

தொகுதியில் குடியிருக்க வேண்டும் என்று சட்டமே இல்லை, மாநிலத்தில் இருந்தால் போதும். ஆகவே 'வெளியூர்க்காரர்' என்பது அரசியல் விமர்சனம், சட்ட மீறல் ஆகாது. கவுண்டி நிலப் பதிவேட்டில் வீடும், கட்டாத சொத்து வரியும் தெரியும்.

வாக்காளர் பட்டியலில் யாருக்கு வாக்களித்தார் என்பது இருக்காது. எந்தெந்தத் தேர்தலில் வாக்களித்தார் என்பது இருக்கும். வட கரோலினாவில் இதை இணையத்திலேயே பார்க்கலாம், ஒஹாயோவில் பட்டியலையே இறக்கிக்கொள்ளலாம். மற்ற பல மாநிலங்களில் விண்ணப்பிக்க வேண்டும், யார் கேட்கலாம் என்பதிலும் கட்டுப்பாடு உண்டு.

தகவல் சுதந்திரச் சட்டத்தில் மனுப் போட்டால் எல்லாம் கிடைத்துவிடுமா?

பெடரல் சட்டம் நிர்வாகத் துறைகளுக்கு மட்டும். காங்கிரஸுக்கும் நீதிமன்றங்களுக்கும் பொருந்தாது. 20 வேலை நாளில் பதில் தர வேண்டும் என்பது ஏட்டில் உள்ள கணக்கு, தேர்தலுக்கு முந்தைய மாதம் மனுப் போட்டு அதை நம்பி உட்காராதீர்கள். வேட்பாளர் பள்ளி வாரியத்திலோ நகரசபையிலோ இருந்தவர் என்றால் மாநிலச் சட்டம்தான் உதவும். கூட்டக் குறிப்புகளும் வாக்குப் பதிவுகளும் பெரும்பாலும் மனுவே இல்லாமல் கிடைக்கும். வர்ஜீனியா போன்ற சில மாநிலங்கள் தம் குடிமக்களுக்கு மட்டுமே தர வேண்டும் என்கின்றன. அது செல்லும் என்று 2013ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பழைய பிரசாரத் தளத்தை அழித்துவிட்டார்...

பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் பாருங்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து தேர்தல் தளங்களை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் சேமித்து வருகிறது. சுயவிவரப் பக்கத்தின் இரண்டு வெவ்வேறு ஆண்டுப் பதிப்புகளை ஒப்பிட்டால் எந்த வேலை, எந்தப் பட்டம் காணாமல் போனது என்று தெரியும்.

எதைத் தேடினாலும் ஒன்றும் வரவில்லை. ஆள் போலியா?

அவசரப்படாதீர்கள். 5,000 டாலரைத் தொடாதவர் எஃப்.இ.சி.யிலும் பதிவு செய்ய வேண்டாம், சொத்து விவரமும் தர வேண்டாம். வாடகை வீடு, மாதச் சம்பளம், வழக்கு வம்பு இல்லாத வாழ்க்கை என்றால் பதிவேடுகளில் பெயர் வர வழியே இல்லை. ஒரு பள்ளி ஆசிரியர் முதல் முறை நின்றால் இப்படித்தான் இருக்கும். சந்தேகப்பட வேண்டியது, ஆவணம் இருந்தே ஆக வேண்டிய இடத்தில் அது இல்லாதபோதுதான். பட்டம் பெற்றேன் என்றால் கல்லூரியில் பதிவு இருக்க வேண்டும். அறக்கட்டளை நடத்துகிறேன் என்றால் வரித் துறையில் இருக்க வேண்டும்.

கிடைத்ததை எல்லாம் வெளியிடலாமா?

பொது ஆவணம் என்பதாலேயே எல்லாவற்றையும் பரப்பிவிட வேண்டியதில்லை. வீட்டு முகவரி, பிள்ளைகளின் பள்ளி, மருத்துவ விஷயம், விவாகரத்து மனுவில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டது ஆகியவை வாக்காளருக்குத் தேவையில்லாதவை. நன்கொடையாளர் பட்டியலை வைத்து வியாபாரம் செய்வதும் பணம் திரட்டுவதும் சட்டப்படி குற்றம். ஆள் தேடித் தரும் கட்டணத் தளங்களைத் துப்பாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், ஆதாரமாகக் காட்டாதீர்கள். இரண்டு வேறு ஆட்களை ஒருவராக ஒட்டவைப்பதில் அவை கெட்டிக்காரத் தளங்கள்.

வேட்பாளரிடமே கேட்டுவிட்டால் என்ன?

கேட்க வேண்டும், ஆவணங்களைப் படித்த பிறகு. 'உங்கள் வருமானம் எப்படி வந்தது?' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும். 'இந்தத் தேதியில் தாக்கலான அறிக்கையில், சி பட்டியலில் உள்ள கடனுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? சொத்து விவரத்தில் அது தெரியவில்லையே?' என்று கேட்டுப் பாருங்கள். எழுத்தில் கேளுங்கள், பதில் சொல்ல நாலைந்து நாள் கொடுங்கள். புதியவர்கள் நிஜமாகவே தெரியாமல் தப்பாக நிரப்புவதுண்டு. அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் நன்றி சொல்லித் திருத்த அறிக்கை போட்டுவிடுவார்கள். எஃப்.இ.சி. தளத்தில் திருத்தம் வந்தாலும் முதல் அறிக்கையை எடுத்துவிட மாட்டார்கள். இரண்டையும் இறக்கி, எந்த வரி மாறியிருக்கிறது என்று பாருங்கள்.